சிறைக்குப் போனவர் சீமானான கதை
தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் ரத்தம் சொல்லும் பாடம்

முதலாளித்துவப் பத்திரிகைகளுக்குப் பிடித்தமான கதை ஒன்று உண்டு. சாதாரண வீட்டில் பிறந்தான்; சிறைக்குப் போனான்; வெளியே வந்து வியாபாரத்தில் இறங்கினான்; கோடீசுவரனானான்; கடைசியில் நாடாளும் பதவியிலும் அமர்ந்தான். இந்தக் கதையை அவை எத்தனை முறை சொன்னாலும் சலிப்பதில்லை. கதை முடிந்ததும் நமக்கு ஓர் உபதேசமும் கிடைக்கும். "பார்த்தாயா! முயற்சி இருந்தால் எவனும் மேலே வரலாம். நீ இன்னும் தறியடியில் நிற்கிறாயா? வரப்பில் கிடக்கிறாயா? அது உன் குற்றம்!"

நாம் கேட்பது வேறு கேள்வி. மேலே போனவர் யாருடைய தோளின் மீது ஏறிப் போனார்? மேலே போய்ச் சேர்ந்த பிறகு, கீழே நின்று தோள் கொடுத்தவர்களை என்னவென்று அழைத்தார்?

இந்தக் கேள்விக்கு விடை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அந்த விடையின் பெயர் சிரில் ராமபோசா. நிறவெறி ஆட்சியின் கைதி. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பொதுக் காரியதரிசி. பிறகு சுரங்கக் கம்பெனியின் பங்குதாரர், டைரக்டர். 2018 பிப்ரவரியில் நாட்டின் ஜனாதிபதி. ஒரே மனிதர், நான்கு வேடங்கள். இந்தக் கதையைத் தொழிலாளியின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

உள்ளதை உள்ளபடி சொல்வோம்

ராமபோசா 1952 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தகப்பனார் போலீஸ்காரர். வளர்ந்தது சொவெட்டோவில். சட்டம் படிக்கப் போன இடத்தில் மாணவர் இயக்கத்தில் சேர்ந்தார். மொசாம்பிக் நாட்டின் விடுதலை இயக்கத்தை ஆதரித்துக் கூட்டம் நடத்தியதற்காக 1974-இல் பிடிபட்டார். பயங்கரவாதச் சட்டம் என்ற கொடிய சட்டத்தின் கீழ் விசாரணை ஏதுமின்றி 11 மாதம் தனிக் கொட்டடி. 1976-இல் சொவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டு நாடே கொந்தளித்தபோது மீண்டும் கைது. இன்னொரு 6 மாதம். அடைக்கப்பட்ட இடம் ஜான் வோர்ஸ்டர் சதுக்கம். அதே கட்டடத்தின் 10-வது மாடியிலிருந்து 1971-இல் அகமது டிமோல் என்ற கம்யூனிஸ்டு இளைஞர் விழுந்து இறந்தார். தற்கொலை என்று அன்றைய சர்க்கார் சாதித்தது. அது கொலைதான் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2017 வரை ஆயிற்று. அப்படிப்பட்ட இடத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவர் ராமபோசா.

அந்தத் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. பேசவும் மாட்டோம். சிறைக் கம்பியின் குளிர் எப்படியிருக்கும் என்பதை நம் இயக்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிறையை விட்டு வந்தவர் 1981-இல் சட்டப் பட்டம் பெற்றார். தொழிற்சங்கத்தின் சட்ட ஆலோசகரானார். 1982 ஆகஸ்டில் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அவர் பொதுக் காரியதரிசி. 6,000 பேருடன் தொடங்கிய சங்கம் பத்தே ஆண்டுகளில் 3 லட்சம் பேரின் கோட்டையாயிற்று. 1985 டிசம்பரில் டர்பனில் தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கங்களின் மாபெரும் சம்மேளனம் உதயமானபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவரும் அவரே.

1987 ஆகஸ்டில் அந்தச் சங்கம் 30 சதவீதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தங்கமும் நிலக்கரியும் வெட்டும் லட்சக்கணக்கான கைகள் மூன்று வாரம் ஓய்ந்து நின்றன. தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளிகள் அதுவரை காணாத காட்சி அது. ஆங்கிலோ அமெரிக்கன் போன்ற ராட்சசக் கம்பெனிகள் சுமார் 50,000 தொழிலாளரை வேலையை விட்டு விரட்டின. கேட்ட கூலி கிடைக்காமலே போராட்டம் முடிந்தது. ஆனால் தொழிலாளி பயம் தெளிந்தான்.

அந்த 50,000 பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போய், சுரங்க விடுதியிலிருந்து விரட்டப்பட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். அவர்களில் எவரும் கோடீசுவரராகவில்லை. எவரும் ஜனாதிபதியாகவும் இல்லை.

முதலாளியின் புதிய தந்திரம்

1990-இல் மண்டேலா விடுதலையானார். 1991-இல் ராமபோசா ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் பொதுக் காரியதரிசியானார். வெள்ளையர் சர்க்காருடன் நடந்த பேச்சுவார்த்தையில் தலைமைப் பேச்சாளர் அவர்தான். 1994-இல் மக்கள் வாக்களித்து நிறவெறி ஆட்சியைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். புதிய அரசியல் சட்டத்தை எழுதிய சபைக்கும் அவரே தலைவர். 1996-இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. அதே காலத்தில் அவர் அரசியலை விட்டு வியாபாரத்துக்குக் கிளம்பினார்.

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும்.

1955 ஜூனில் கிளிப்டவுன் என்ற இடத்தில் கூடிய மக்கள் மகாநாடு ஒரு விடுதலைச் சாசனத்தை ஏற்றது. மண்ணுக்கடியில் உள்ள கனிமச் செல்வமும், பாங்குகளும், ஏகபோகத் தொழில்களும் மக்கள் அனைவருக்கும் சொந்தமாக்கப்பட வேண்டும் என்று அது பறைசாற்றியது. அந்தச் சாசனத்துக்காக எத்தனையோ பேர் சிறை சென்றார்கள், செத்தார்கள். வெள்ளைச் சுரங்க முதலாளிகள் அதைக் கண்டு நடுங்கினார்கள்.

நடுங்கியவர்கள் சும்மாயிருக்கவில்லை, யோசித்தார்கள். சுரங்கத்தை மக்களிடம் கொடுக்காமல் தப்புவது எப்படி? கறுப்பர்களில் சிலரைப் பங்குதாரர்களாக்கிவிடுவது! அதற்குக் கிடைத்த பெயர் 'கறுப்பர் பொருளாதார மேம்பாடு'. பெயர் அழகானது. உள்ளே இருப்பது என்ன?

நம் ஊர் வழக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். ஒரு பெரிய மிராசுதார் இருக்கிறார். பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்து நிலத்தைக் கேட்கிறார்கள். மிராசுதார் அவர்களின் தலைவரைத் தனியே கூப்பிடுகிறார். "தம்பி, என் நிலத்தில் பத்தில் ஒரு பங்கை உனக்கு எழுதித் தருகிறேன். கையில் பணமில்லையா? கவலைப்படாதே, நானே கடன் தருகிறேன். வருஷா வருஷம் விளைச்சலில் உன் பங்கை எடுத்துக் கடனை அடைத்துக்கொள்." தலைவர் சம்மதிக்கிறார். அடுத்த அறுவடைக்குக் களத்துமேட்டில் ஆட்கள் இன்னும் ஒரு மரக்கால் நெல் கேட்கிறார்கள். அந்த ஒரு மரக்கால் இப்போது யார் பங்கிலிருந்து குறையும்? மிராசுதாருக்கு மட்டுமா? தலைவருக்கும்தான்! அன்றிலிருந்து அவர் யார் பக்கம் பேசுவார் என்பதை ஜோசியம் பார்த்தா அறிய வேண்டும்?

இது கட்டுக்கதை அல்ல. 1996-இல் ஆங்கிலோ அமெரிக்கன் ஜானிக் என்ற தன் கம்பெனியின் பங்குகளைக் கறுப்பர்களின் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. ராமபோசா ஜானிக்கின் தலைவரானார். 1987-இல் ஆயிரமாயிரம் தொழிலாளரை விரட்டிய அதே ஆங்கிலோ அமெரிக்கன், ஒன்பதே ஆண்டில் அந்தத் தொழிலாளர் தலைவருக்குக் கம்பெனியை விற்றது. 2001-இல் அவர் சொந்த முதலீட்டு நிறுவனம் தொடங்கினார், அதுவே ஷண்டூகா. டெலிபோன் கம்பெனியின் தலைமை, பாங்கின் டைரக்டர் பதவி, நிலக்கரி, பிளாட்டினம் என்று கைகள் நீண்டன. 2011-இல் தென்னாப்பிரிக்கா முழுவதிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகளை 20 ஆண்டு நடத்தும் உரிமையும் அவருக்கு வந்தது. 2018-இல் அவருடைய சொத்து சுமார் 45 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

அவர் ஒருவர்தான் என்றும் நினைக்க வேண்டாம். டோக்கியோ செக்ஸ்வாலே என்பவர் ராபன் தீவில் 13 ஆண்டு கைதியாக இருந்தார். 1994-இல் மாகாணப் பிரதமர். 1998-இல் வைரம், எண்ணெய் வியாபாரத்தில் பெரும்புள்ளி. 2009-இல் குடியிருப்பு மந்திரி. ஆள் மாறலாம், பாதை ஒன்றே. தனித்தனி மனிதரின் ஆசை இது என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. முதலாளி வர்க்கம் திட்டமிட்டுப் போட்ட ராஜபாட்டை இது.

எருமையின் விலையும் மனிதனின் கூலியும்

லோன்மின் என்பது லண்டனில் பங்கு விற்கும் பிளாட்டினக் கம்பெனியாக இருந்தது. 1909-இல் ரொடீஷியாவின் நிலத்தையும் சுரங்கத்தையும் விழுங்கக் கிளம்பிய பழைய ஏகாதிபத்தியக் கம்பெனியின் வாரிசு. ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே மாரிகானாவில் அதன் சுரங்கங்கள். அந்தச் சுரங்கங்களில் 18 சதவீதப் பங்கு இன்க்வாலா என்ற கம்பெனியிடம் இருந்தது. 2010-இல் ஷண்டூகா இன்க்வாலாவின் பாதிப் பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கியது. வாங்குவதற்கான பணத்தில் பெரும்பகுதியைக் கடனாகத் தந்தது யார்? லோன்மின்! மிராசுதார் கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ராமபோசா லோன்மின் டைரக்டர் சபையிலும் அமர்ந்தார்.

அந்தச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் தொழிலாளி எப்படி வாழ்ந்தான்? கிழக்கு கேப் மாகாணத்திலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் பிழைக்க வந்தவன். பூமிக்கடியில், புழுக்கத்தில், காது செவிடாகும் இரைச்சலில், அதிரும் துளை இயந்திரத்தைப் பிடித்து நிற்பவன். மேலே ஏறி வந்தால் தகரக் குடிசை. தொழிலாளருக்கு 5,500 வீடு கட்டித் தருவதாகக் கம்பெனி சர்க்காருக்கு எழுதிக் கொடுத்திருந்தது. கட்டி முடித்தவை எத்தனை? மூன்று! ஆமாம், மூன்றே மூன்று. அவையும் காட்டுவதற்காகக் கட்டிய மாதிரி வீடுகள். இப்படிப்பட்ட வாக்குறுதிகளை மேற்பார்க்கக் கம்பெனியில் ஒரு கமிட்டி இருந்தது. அதற்குத் தலைவராக இருந்தவர் ராமபோசா.

2012 ஏப்ரலில் ஒரு கால்நடை ஏலம் நடந்தது. ஓர் ஆப்பிரிக்கக் காட்டெருமையும் அதன் கன்றும் ஏலத்துக்கு வந்தன. ராமபோசா அதற்குக் கேட்ட விலை 1 கோடியே 95 லட்சம் ராண்ட். பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்தார். நல்லது. ஆனால் கணக்கைப் பார்ப்போம்.

நான்கு மாதம் கழித்து மாரிகானாவின் பாறைத் துளைப்பாளர் மாதம் 12,500 ராண்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அது அவர்கள் வாங்கிய கூலி அல்ல, கேட்ட கூலி. அந்தக் கூலி முழுதாகக் கிடைத்தாலும், ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும், அந்த எருமையை வாங்க ஒரு தொழிலாளி எத்தனை வருஷம் சுரங்கத்தில் உழைக்க வேண்டும்? 130 வருஷம்! பாட்டன், தகப்பன், மகன் மூவரும் பூமிக்குள் இறங்க வேண்டும். ஓர் எருமைக்கு மூன்று தலைமுறை!

ஆகஸ்டு 16

வேலைநிறுத்தம் தொடங்கியது. கம்பெனி பேச மறுத்தது. சங்கத்தின் மூலமாக வா என்றது. எந்தச் சங்கம்? ராமபோசா கட்டிய அதே சங்கம்! அது அப்போது இந்தத் தொழிலாளரின் குரலுக்குச் செவிடாகியிருந்தது. ஆகஸ்டு 11-ஆம் தேதி வேலைநிறுத்தக்காரர்கள் தங்கள் சொந்தச் சங்க ஆபீசை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். சங்கத்தார் தரப்பிலிருந்து அவர்கள் மீது குண்டு பாய்ந்தது, இருவர் காயம்பட்டனர். 1982-இல் தொழிலாளிக்குக் கேடயமாகப் பிறந்த சங்கத்தின் வாசலில் தொழிலாளியின் ரத்தம்!

அடுத்த மூன்று நாளில் 10 பேர் மாண்டனர். கம்பெனிக் காவலர் இருவர், போலீசார் இருவர், மற்றவர்கள் தொழிலாளர். தொழிலாளியைத் தொழிலாளியே கொன்ற கொடுமையும் அதில் உண்டு. அதை நாம் மூடி மறைக்கவில்லை. சங்கம் செத்த இடத்தில் ஒற்றுமையும் சாகிறது; கோபம் குருடாகிறது.

ஆகஸ்டு 15. ராமபோசா கம்பெனி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுகிறார். நடப்பதைத் தொழில் தகராறு என்று சொல்ல முடியாது. இது கேடுகெட்ட கிரிமினல் செயல். அப்படியே இதை வகைப்படுத்தி, அதற்கேற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும். இதுதான் கடிதத்தின் சாரம். போலீஸ் மந்திரியிடமும் அவர் பேசினார்.

மறுநாள், ஆகஸ்டு 16. குன்றின் மேல் கூடியிருந்தவர்களைச் சுற்றிப் போலீஸ் முள்கம்பி விரித்தது. இறங்கி வந்தவர்கள் மீது தானியங்கித் துப்பாக்கிகள் முழங்கின. முதல் இடத்தில் 17 பேர் விழுந்தனர். தப்பி ஓடியவர்கள் பாறைகளுக்கிடையே ஒளிந்தார்கள். போலீஸ் அங்கேயும் துரத்திப் போனது. இன்னும் 17 பேர். மொத்தம் 34 பிணம். 78 பேருக்குக் காயம். இதுவும் போதாதென்று, உயிர் பிழைத்த சுமார் 270 பேரைக் கைது செய்து, செத்த தங்கள் தோழர்களைக் கொன்றவர்கள் அவர்களே என்று கொலைக் குற்றம் சாட்டினார்கள்! நிறவெறி ஆட்சிக்காலத்தில் பயன்பட்ட ஒரு சட்டக் கோட்பாட்டைத் தூசு தட்டி எடுத்தார்கள். நாடே காறித் துப்பிய பிறகுதான் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

1946 ஆகஸ்டிலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் நின்றன. ஜே. பி. மார்க்ஸ் என்ற கம்யூனிஸ்டின் தலைமையில் 70,000-க்கு மேற்பட்டோர் நாளொன்றுக்கு 10 ஷில்லிங் கேட்டார்கள். வெள்ளையர் சர்க்காரின் போலீஸ் அவர்களை அடித்துச் சுட்டுச் சுரங்கத்துக்குள் திருப்பியது. 1987 ஆகஸ்டிலும் அதே அடக்குமுறை. 2012 ஆகஸ்டில் சர்க்கார் மாறியிருந்தது, கொடி மாறியிருந்தது, தோலின் நிறமும் மாறியிருந்தது. சுரங்கம் மட்டும் கை மாறவில்லை. அதனால் துப்பாக்கி நீண்ட திசையும் மாறவில்லை.

"கமிஷன் விடுவித்துவிட்டதே!"

ராமபோசாவின் ஆதரவாளர்கள் உடனே எழுந்து நிற்பார்கள். "பார்லம் கமிஷன் விசாரித்ததே! 2015 ஜூனில் வெளிவந்த அதன் அறிக்கை, படுகொலைக்கு அவர் காரணம் என்ற குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று சொல்லிவிட்டதே! 10 பேர் செத்த பிறகு மேலும் சாவு நேராமல் தடுக்கத்தானே அவர் முயன்றார்?"

சொன்னது உண்மைதான், நாம் மறைக்கவில்லை. சுடு என்று அவர் உத்தரவிட்டார் என்று நாமும் சொல்லவில்லை. அதே கமிஷன் இன்னொன்றும் சொன்னது: தகராறைத் தீர்க்க லோன்மின் தன்னால் இயன்ற முயற்சியைச் செய்யவில்லை, வீட்டு வாக்குறுதியையும் நிறைவேற்றவில்லை. அந்தக் கம்பெனியின் டைரக்டர் யார்?

கமிஷன் கேட்கும் கேள்வி வேறு. தொழிலாளி கேட்கும் கேள்வி வேறு. துப்பாக்கி விசையை யார் இழுத்தது என்று கமிஷன் கேட்கிறது. அந்த ஆகஸ்டு 15-ஆம் தேதி நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று நாம் கேட்கிறோம். 1987-இல் இதே சுரங்க முதலாளிகள் வேலைநிறுத்தக்காரரைக் கலகக்காரர் என்றும் வன்முறையாளர் என்றும் தூற்றியபோது, "இல்லை, இது கூலிப் போராட்டம்" என்று முழங்கியவர் யார்? 2012-இல் "இது கூலித் தகராறு அல்ல, கிரிமினல் செயல்" என்று எழுதியவர் யார்? அவர் தேடியிருந்தால் தீர்வு எட்டாத தூரத்திலா இருந்தது? கம்பெனி அதிகாரியைக் குன்றுக்கு அனுப்பித் தொழிலாளருடன் பேசச் செய்யும் செல்வாக்கு அவருக்கு இல்லையா? சங்கத்தைக் கட்டியவருக்குத் தெரியாதா, போலீசைக் கூட்டினால் பேச்சுவார்த்தை பிறக்காது என்று?

2017 மே மாதம் தாம் பயன்படுத்திய வார்த்தைகளுக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டார். வார்த்தை பிறந்த இடத்துக்கு? அந்த வார்த்தை நாக்குத் தவறி வந்ததல்ல. பங்குப் பத்திரத்திலிருந்து வந்தது. 2022-இல் 10 ஆண்டு நிறைந்தபோதும், அந்த 34 சாவுக்காக ஒரு போலீஸ்காரரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.

இன்னும் சிலர் கேட்பார்கள்: "வெள்ளையன் மட்டும்தான் பணக்காரனாக இருக்க வேண்டுமா? கறுப்பன் முதலாளியானால் உங்களுக்கு ஏன் எரிகிறது?" நமக்கு எரியவில்லை ஐயா. நிறத்தைக் காட்டி மனிதனைத் தடுத்த சுவர் விழுந்தது மக்களின் வெற்றி, அதைக் கொண்டாடுகிறோம். ஆனால் ஒருவர் மாடிக்குப் போனதால் சேரி மாடியாகிவிடாது. 2024-இன் முதல் மூன்று மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் வேலை தேடி அலைந்தவர்கள் சர்க்கார் கணக்கிலேயே 32.9 சதவீதம். மூன்றில் ஒருவனுக்கு வேலையில்லை. "முயன்றால் மேலே வரலாம்" என்ற உபதேசத்தை அந்த வரிசையில் நிற்பவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

பதவியில் அமர்ந்து செய்தது என்ன?

மாரிகானாவின் மண் காயுமுன், 2012 டிசம்பரில், ராமபோசா ஆளும் கட்சியின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2013 ஜனவரியில் லோன்மின் டைரக்டர் பதவியை விட்டார். 2014-இல் துணை ஜனாதிபதி. 2018-இல் ஜனாதிபதி.

2019 ஜனவரி 1 முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி அமலுக்கு வந்தது. சட்டமென்று ஒன்று வந்தது வரவேற்கத்தக்கதே. கூலி எவ்வளவு? மணிக்கு 20 ராண்ட். எல்லோருக்குமா? இல்லை! விவசாயத் தொழிலாளிக்கு 18. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு 15. உழுது விதைத்து ஊருக்குச் சோறு போடுகிறவனின் வயிறு இரண்டு ராண்ட் சிறியது என்று யார் அளந்து பார்த்தார்கள்? விவசாயத் தொழிலாளிக்குச் சமக் கூலி வர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கூலி பட்டினிக் கூலி என்று கண்டித்துத்தான் 2018 ஏப்ரல் 25-இல் தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். கூலிச் சட்டத்துடன் கூடவே இன்னொன்றும் வந்தது: ரகசிய வாக்கெடுப்பு நடத்தாமல் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு இறங்கக்கூடாது என்ற திருத்தம். வேலைநிறுத்தத்தால் வளர்ந்த மனிதரின் ஆட்சியில் வேலைநிறுத்தத்துக்குக் கடிவாளம்!

எருமைக் கதையும் முடியவில்லை. 2020 பிப்ரவரியில் ஜனாதிபதியின் பண்ணையில் திருட்டு நடந்தது. சோபா மெத்தைக்குள் வைத்திருந்த 5,80,000 டாலர் போயிற்று. எருமை விற்ற பணம் என்றார். 2022-இல்தான் நாட்டுக்கு விஷயம் தெரிந்தது. பார்லிமெண்டு நியமித்த குழு, அவர் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது என்றது. டிசம்பரில் பார்லிமெண்டு 214 வாக்குக்கு 148 என்று அதைத் தள்ளிவிட்டது. குற்ற வழக்கும் தொடரவில்லை. சரி, சட்டம் விடுவிக்கட்டும். தொழிலாளி மட்டும் தன் வீட்டு மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறான். அங்கே என்ன இருக்கிறது? அடகுக்கடைச் சீட்டு!

2024 மே மாதத் தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். 1994 முதல் அசையாதிருந்த ஆளும் கட்சி 40 சதவீத வாக்குக்கு இறங்கியது, பெரும்பான்மை போயிற்று. ராமபோசா என்ன செய்தார்? பெருமுதலாளிகளின் நம்பிக்கைக்குரிய கட்சியைக் கூட்டாளியாக்கிக்கொண்டு மீண்டும் ஜனாதிபதியானார். நெடுங்காலம் கூட்டணியில் நின்ற தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்டுக் கட்சியும், உள்ளாட்சித் தேர்தலில் தனித்து நிற்பதென 2024 டிசம்பரில் முடிவு செய்தது.

வீழாதவர்கள்

இதையெல்லாம் கேட்டுச் சோர்ந்துவிடக் கூடாது. "தலைவரெல்லாம் இப்படித்தான், சங்கமே வேண்டாம்" என்று எவனாவது சொன்னால் அவன் முதலாளியின் ஆள் என்று அறிந்துகொள்ளுங்கள். முதலாளி விரும்புவதே அந்தச் சோர்வைத்தான்.

34 பேரைப் புதைத்த மாரிகானாத் தொழிலாளி வேலைக்குத் திரும்பினானா? இல்லை. இன்னும் ஒரு மாதம் நின்றான். செப்டம்பர் 18-இல் 11 முதல் 22 சதவீதம் வரை கூலி உயர்வு பெற்ற பிறகே சுரங்கத்தில் இறங்கினான். 2014-இல் பிளாட்டினச் சுரங்கங்களின் 70,000 தொழிலாளர் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நாட்டுச் சுரங்க வரலாற்றிலேயே நீண்ட போர் அது.

அந்தத் தீ வயலுக்கும் பரவியது. 2012 நவம்பரில் கேப் மாகாணத்தில் டி டூர்ன்ஸ் என்ற இடத்தின் திராட்சைத் தோட்டங்களில் கூலியாட்கள் எழுந்தார்கள். நாட்கூலி 69 ராண்ட் இருந்தது, 150 கேட்டார்கள். போலீஸ் வந்தது, குண்டு வந்தது. விடவில்லை. 2013 மார்ச் முதல் 105 ராண்ட் என்று சர்க்கார் சட்டம் போட வேண்டி வந்தது. கேட்டது முழுதும் வரவில்லை. ஆனால் ஒரே அடியில் பாதிக்கு மேல் உயர்ந்தது. இவர்களின் படத்தை எந்தப் பத்திரிகையும் 'வெற்றிக் கதை' என்று போடவில்லை. நாம் சொல்கிறோம்: வெற்றிக் கதை இதுதான்!

அந்த மண்ணுக்கு நாம் அந்நியரும் அல்ல. 1913-இல் நேட்டால் மாகாணத்தில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தக் கூலிகளில் எத்தனை தமிழர்! தலைக்கு 3 பவுன் வரி போட்ட சர்க்காரை எதிர்த்து அவர்கள் நடந்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? சுரங்கக் கூலி லைன்களையே சிறைச்சாலை என்று அறிவித்தது, கங்காணிகளை வார்டர்களாக்கியது. சுரங்கமே சிறை, முதலாளியே ஜெயிலர்! தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914-இல் உயிர் நீத்தாள். அவளும் முன்னாள் கைதிதான். அவளுக்குக் கம்பெனியில் பங்கு கிடையாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக மக்கள் பிள்ளைகளுக்கு அவள் பெயர் வைக்கிறார்கள்.

நாம் கற்க வேண்டியது

முதலாவது: சிறைவாசம் மரியாதைக்குரியது; ஆனால் அது முதலீடு அல்ல. 17 மாதம் சிறையிருந்தேன் என்பதைக் காட்டி ஆயுள் முழுதும் வட்டி வாங்க யாருக்கும் உரிமையில்லை. நேற்று எங்கே இருந்தாய் என்பது பாதிக் கேள்வி. இன்று யாரோடு நிற்கிறாய் என்பதே மீதி.

இரண்டாவது: தலைவரை முதலாளி அடித்தால் நமக்குத் தெரிகிறது, ரத்தம் வருகிறது. தலைவரை முதலாளி அணைத்தால் நமக்குத் தெரிவதில்லை. அடியைவிட அந்த அணைப்பு ஆபத்தானது. சங்கத்தின் வரவு செலவு பொதுக்குழுவில் படிக்கப்படட்டும். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் என்ன கேட்டார்கள், என்ன வாங்கினார்கள் என்பதை மில் வாசலிலும் களத்துமேட்டிலும் வந்து சொல்லட்டும். தலைவரின் வீட்டு அடுப்பும் நம் வீட்டு அடுப்பும் ஒரே விலை அரிசியை வேகவைக்கட்டும்.

மூன்றாவது: சங்கம் செவிடானால் அதை விட்டு ஓடுவது வழியல்ல. கூட்டம் கூட்டி, கேள்வி கேட்டு, தேர்தல் நடத்தி, அதை மீட்பதே வழி. அது தவறிய இடத்தில்தான் மாரிகானாவில் தொழிலாளியைத் தொழிலாளி வெட்டினான். போலீசுக்கு வாசல் திறந்தது.

நான்காவது: ஒருவர் இருவர் மேலே போவதற்கல்ல நாம் சங்கம் கட்டியது. எல்லோரும் எழுந்து நிற்பதற்குத்தான். சுரங்கம் யாருடையது, மில் யாருடையது, நிலம் யாருடையது என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டு, முதலாளியின் நாற்காலியில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்தால் போதும் என்று மயங்கினால், அந்த நாற்காலி அவரையும் முதலாளியாக்கிவிடும்.

தோழர்களே! அடுத்த முறை 'சிறையிலிருந்து சிகரத்துக்கு' என்று எவனாவது உங்கள் முன் பாடினால், ஒன்று கேளுங்கள்: "அந்தச் சிகரத்தின் அடியில் எத்தனை பேரைப் புதைத்திருக்கிறது?" மாரிகானாவில் 34 பேர் பதில் சொல்கிறார்கள்.

சங்கம் நம்முடையது. தலைவர் நம் ஊழியர். இந்த இரண்டையும் மறவாதிருப்போம்!